ஏலத்துக்குப் போகக் கூடாதவை

(ஏப்ரல் 18, உலகப் பாரம்பரிய நாளையொட்டி நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஆற்றிய உரை. அன்று வர இயலாத பலர் கேட்டுக்கொண்டதால் முழுவதுமாக வெளியிடுகிறோம்.)



தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, வண்டி நிறுத்துமிடம், பராமரிப்புக் கட்டண பாக்கி ஆகிய மூன்றையும் பேசி முடித்த பிறகு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் நான் பேசப்போவதற்கும் தொடர்பு உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஒன்றை ஒருவர் தனியாக விற்கலாமா என்பதுதான் என் பேச்சு.

நம் ஒவ்வொருவரின் கிரயப் பத்திரத்திலும் ‘பிரிக்கப்படாத பங்கு’ என்று ஒரு வரி இருக்கும். யூ.டி.எஸ். என்று சொல்கிறோம். படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் கிணற்றிலும் நமக்குப் பங்கு உண்டு. ஆனால் ‘மூன்றாவது படி என்னுடையது’ என்று யாரும் அதைப் பெயர்த்து எடுத்துப் போய் விற்க முடியாது. ஒரு நாட்டின் பழம்பொருள்களும் அப்படித்தான். நமக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் அதில் பிரிக்கப்படாத பங்கு இருக்கிறது. கையில் வைத்திருப்பவர் காவலர். முழு உரிமையாளர் என்று சொல்லிவிட முடியாது.

ஹாங்காங்கில் நின்றுபோன ஏலம்

2025 மே 7ஆம் தேதி ஹாங்காங்கில் சோதபீஸ் நிறுவனம் ஓர் ஏலம் நடத்துவதாக இருந்தது. ஏலத்துக்கு வந்தவை பிப்ரவா மணிகள். சுமார் 10 கோடி ஹாங்காங் டாலர் வரை போகும் என்று செய்தித்தாள்கள் எழுதின.

பிப்ரவா என்பது உத்தரப்பிரதேசத்தில், நேபாள எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். 1898 ஜனவரியில் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்ற ஆங்கிலேயர், தாம் நிர்வகித்த எஸ்டேட்டில் இருந்த ஒரு செங்கல் மேட்டைத் தோண்டினார். அது ஒரு பழைய ஸ்தூபம். உள்ளே பெரிய கல் பேழை, பேழைக்குள் சிமிழ்கள், அவற்றில் எலும்புத் துண்டுகள், பொன் தகடுகள், நூற்றுக்கணக்கான மணிகள். ஒரு சிமிழின் மேல் பிராமி எழுத்தில், இவை சாக்கியர்களின் புத்தருடைய எச்சங்கள் என்று பொருள்படும் வாசகம் இருந்தது.

புதையல் சட்டப்படி அன்றைய ஆங்கில அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. எலும்புகள் சயாம் மன்னருக்குப் போயின. மணிகளில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது. ஒரே மாதிரி இருப்பவை என்று சொல்லி ஒரு பகுதியைப் பெப்பேயிடமே விட்டார்கள். அந்தப் பகுதிதான் 127 ஆண்டுகள் கழித்து, அவருடைய கொள்ளுப்பேரன் காலத்தில் ஏலத்துக்கு வந்தது.

நம் ஒன்றிய அரசின் பண்பாட்டு அமைச்சகம் ஏல நிறுவனத்துக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சட்ட அறிவிப்பு அனுப்பியது. பல நாடுகளின் பௌத்த அறிஞர்களும் துறவிகளும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜூலை 30ஆம் தேதி மணிகள் இந்தியா வந்து சேர்ந்தன.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அவை சும்மா வரவில்லை. கோத்ரெஜ் குழுமம் விலை கொடுத்து வாங்கியதால்தான் வந்தன. பெரும்பகுதி ஐந்து ஆண்டுக்குத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கடனாகத் தரப்படும் என்று அறிவித்தார்கள். பொருள் ஊர் திரும்பியது நல்லது. வாங்கியவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘எதிர்ப்பு வந்தால் எதிர்ப்பவர் நாட்டிலேயே ஒரு பணக்காரர் வாங்கிக்கொள்வார்’ என்று ஏலக்காரர்களுக்கு ஒரு பாடம் கிடைத்துவிட்டதே என்ற கவலை எனக்கு உண்டு. நம் வீட்டு மாடு காணாமல் போய், சந்தையில் கண்டுபிடித்து, காசு கொடுத்து ஓட்டி வந்தால் மாடு வந்த மகிழ்ச்சி இருக்கும். நியாயம் கிடைத்தது என்று சொல்ல முடியுமா?

அந்த மணிகளை வைத்தவர்கள் யாருக்கும் விற்பதற்காக வைக்கவில்லை. தாங்கள் வணங்கியவருக்குக் காணிக்கையாக மண்ணுக்குள் வைத்தார்கள். அதைத் தனித்தனி மணியாக எண்ணி விலை போட்ட உடனே காணிக்கை என்ற பொருள் போய், நகை என்ற பொருள்தான் மிச்சம்.

புதுச்சேரி வழியாகப் போன யோகினிகள்

இது எங்கோ வடக்கே நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் புதுச்சேரிக்கும் இந்த வியாபாரத்தில் பங்கு உண்டு.

காஞ்சிபுரம் பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டில் யோகினிகளுக்கு ஒரு கோயில் இருந்திருக்கிறது. கோயில் இன்று இல்லை. அதன் கல் சிற்பங்கள் மட்டும் பல இடங்களில் கிடந்தன. 1920களில் அவற்றைத் தேடிச் சேர்த்தவர் கப்ரியேல் ழூவோ துப்ரேய். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். பல்லவர் கலையை ஆராய்ந்த முன்னோடி. அரிக்கமேட்டை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர். அவருடைய அறிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவரேதான் அந்தச் சிற்பங்களைப் பாரிஸில் இருந்த கலைப்பொருள் வணிகர் சி.டி. லூவுக்கு அனுப்பியவரும்.

லூ அவற்றை ஒவ்வொன்றாக விற்றார். வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், கேன்சஸ் சிட்டி, டொரொன்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறின. சில சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பத்மா கைமல் என்ற ஆய்வாளர் அந்தச் சிற்பங்களில் பத்தொன்பதைப் பின்தொடர்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதினார். வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வேண்டிய பெண் தெய்வங்கள் இன்று ஒரு கடல் இடைவெளியில் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வோர் அருங்காட்சியகத்திலும் அழகான சிலை ஒன்று இருக்கிறது. கோயில் எங்கும் இல்லை. தனித்தனியாக விற்பதால் வரும் இழப்பு இதுதான். திருடு போகாவிட்டாலும், உடையாவிட்டாலும், பொருள் ஊமையாகிவிடும்.

பாகூர்ச் செப்பேடு சொல்வது

இன்னும் பக்கத்தில் வருவோம். 1879இல் நம் பாகூரில் ஐந்து செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, 9ஆம் நூற்றாண்டு. வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்டவை. பாகூரில் இருந்த வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விச் சாலை, நடப்பதற்காக மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஏரிக்கரையில் ஒரு கல்லூரி இருந்தது என்பதற்கு அந்தச் செம்புத் தகடுகள்தான் சாட்சி.

அந்தச் செப்பேடுகள் அப்போது இங்கே நீதிபதியாக இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயின. அவை பாகூரில் இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். அவை பொது நூலகத்துக்குப் போயின. அறிஞர்கள் படித்தார்கள், வாசகத்தை அச்சிட்டார்கள். அதனால்தான் இன்று நான் உங்கள் முன் நின்று சொல்ல முடிகிறது. அதே ஐந்து ஏடுகள் ஒரு தனியார் பெட்டகத்துக்குப் போயிருந்தால்? அல்லது செம்பு விலைக்கு எடைக்குப் போயிருந்தால்? பாகூர் வெறும் நெல் விளையும் ஊர் என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

செயின்ட் லூயி தெருவில் ஒரு சாட்சி

சரி, விற்பனையை எதிர்ப்பது எப்படி? கோபப்படலாம், மனுப் போடலாம். அவை வேண்டும். ஆனால் ஏலக்காரரின் முன்னால் நிற்கும் ஒரே கேள்வி: ‘இது உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?’

அந்த ஆதாரத்தை உலகத்துக்கே கொடுத்த இடம் புதுச்சேரியில் இருக்கிறது. செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955இல் தொடங்கப்பட்டது. 1956 முதல் அதன் புகைப்படக்காரர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய், கற்சிலை, செப்புத் திருமேனி, தூண் என்று படம் எடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. எடுத்தபோது அது ஆய்வுக்காக. பிறகு அது வழக்குக்கு உதவியது.

ஓர் எடுத்துக்காட்டு. ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சோதபீஸ் ஏலத்தில் ஒரு திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை வாங்கியது. ஐம்பது ஆண்டு யாரும் கேட்கவில்லை. பிறகு ஓர் ஆய்வாளர், 1957இல் எடுத்த புதுச்சேரிப் படத்தில் அதே திருமேனி கும்பகோணம் அருகே சௌந்தரராசப் பெருமாள் கோயிலில் இருப்பதைக் கண்டார். கோயிலில் போய்ப் பார்த்தால் அங்கும் ஓர் ஆழ்வார் இருக்கிறார். அது மாற்றி வைக்கப்பட்ட போலி என்று தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரணையில் கண்டது. 2024இல் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஒரு கருப்பு வெள்ளைப் படம், அறுபத்தேழு ஆண்டு கழித்து வேலை செய்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரும் அப்படியே. ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. நம் சட்டம் வருவதற்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனது என்று காட்டப் போலிப் பத்திரங்கள் இருந்தன. கோயிலில் எடுத்த பழைய படம் அந்தப் பத்திரங்களைப் பொய்யாக்கியது. 2014 செப்டம்பரில் நடராசர் திரும்பினார். விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரும் அவரோடு திரும்பினார். விற்ற சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பாகூர் சு. குப்புசாமி. புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகளைத் தொகுத்தவர். கோ. விசயவேணுகோபால் பதிப்பித்து நூலாக வந்தது. வெயிலில் கோயில் சுவரோடு சுவராக நின்று எழுத்தெழுத்தாகப் படித்துச் சேர்த்த வேலை அது. கல்வெட்டு நாளைக்கு வெள்ளையடிப்பில் மறைந்தாலும் வாசகம் இருக்கும். பதிவு இருக்கும் பொருளைத் திருடுவது எளிது, விற்பதுதான் கடினம். பதிவே இல்லாத பொருளுக்கு இரண்டும் எளிது.

‘அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களே?’

இந்தக் கேள்வி எங்கே பேசினாலும் வரும். ‘இங்கே எண்ணெய்ப் பிசுக்கும் வவ்வாலும், அங்கே குளிர்சாதன அறையும் கண்ணாடிப் பெட்டியும். விட்டுவிட்டால் என்ன?’

பாதி உண்மை. நாம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்கிறோம். மணல் வீசிச் சுத்தம் செய்கிறேன் என்று எழுத்தையே தேய்க்கிறோம். ஆனால் நம் பிளாக்கில் லிஃப்ட் பராமரிப்பு மோசமாக இருந்தது என்பதற்காகப் பக்கத்துக் குடியிருப்புக்காரர் லிஃப்டைக் கழற்றிப் போனால் ஒப்புக்கொள்வோமா? பராமரிப்புக் குறை இருந்தால் பராமரிக்க வேண்டும். அது விற்பனைப் பத்திரம் ஆகாது.

தவிர, நான் எதிர்ப்பது வெளிநாட்டை அல்ல. பாரிஸில் பொதுமக்கள் பார்க்க இருக்கும் பொருளைவிட, சென்னையில் ஒரு பங்களாவின் வரவேற்பறையில் பூட்டியிருக்கும் சிலை நமக்கு எட்டாதது. வாங்குகிறவர் இருப்பதால்தான் திருடுகிறவர் இருக்கிறார். 2022இல் நம் புதுச்சேரி நகரத்திலேயே ஒரு வீட்டிலிருந்து நடராசர் உட்பட மூன்று பழஞ்சிலைகளைச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு கைப்பற்றியது நினைவிருக்கும்.

சட்டம் சுருக்கமாக

தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972. நடைமுறைக்கு வந்தது 1976. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, நாணயம், கல்வெட்டு, ஓவியம் எல்லாம் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். சிலை, ஓவியம், ஓவியத்தோடு கூடிய சுவடி ஆகியவற்றை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். மண்ணுக்குள் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உலக அளவில் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை இருக்கிறது. ஆனால் அது பழைய கணக்குகளைத் தானாகத் தீர்க்காது. பிப்ரவா மணிகள் 1898இல் போனவை என்பதால்தான் அவ்வளவு சிக்கல்.

நாம் செய்யக்கூடியது

நம் சுற்றுவட்டாரத்தை எண்ணிப் பாருங்கள். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில், பாகூர் மூலநாதர் கோயில், கொஞ்சம் தள்ளினால் திருபுவனை, மதகடிப்பட்டு. தேர்த் திருவிழாவுக்கு எல்லோரும் போகிறோம். சுவரில் இருக்கும் எழுத்தை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? சங்கத்தின் சார்பில் ஐந்து வேலைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று. உங்கள் பூர்வீக வீட்டில் பழைய சிலை, ஓலைச்சுவடி, செப்புப் பட்டயம், நாணயம் இருந்தால் படம் எடுங்கள். முன்புறம், பின்புறம், பீடம். பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். இரண்டு பிரதி வையுங்கள்.

இரண்டு. அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். காவல் இல்லாத சிலை எங்கே இருக்கிறது என்று திருடனுக்கு நாமே வழி சொன்னதாகிவிடும். கோயில் பொருள் என்றால் நிர்வாகத்தின் அனுமதியோடு எடுத்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிடுவோம்.

மூன்று. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ ஏரி, குளம் தூர்வாரும்போதோ எது கிடைத்தாலும் வேலையை நிறுத்துங்கள். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். கிடந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் அலுவலகம் இருக்கிறது.

நான்கு. சுவடிகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். படிக்கத் தெரியவில்லை என்றால் படிக்கத் தெரிந்த நிறுவனத்துக்குக் காட்டுங்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறியது. அவையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்தவைதாம்.

ஐந்து. புது வீட்டு அலங்காரத்துக்குப் பழஞ்சிலை வாங்காதீர்கள். விற்பவரிடம் உரிமமும் பதிவுச் சான்றும் கேளுங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். சிலை வேண்டும் என்றால் சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் அருமையாக வார்த்துத் தருகிறார்கள். அவர்களுக்குப் போகும் காசு நல்ல காசு.

கேள்வி நேரத்திலிருந்து

*‘ஏ’ பிளாக் அம்மா ஒருவர்: எங்கள் மாமியார் காலத்துக் குத்துவிளக்கு நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும். அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா சார்?*

எடுத்துக்கொள்ளாதும்மா. வைத்திருப்பது குற்றமே இல்லை. பதிவுப் பட்டியலில் சிலைகளும் ஓவியங்களும் ஓவியச் சுவடிகளும்தான் இருக்கின்றன. தினம் புழங்கும் விளக்கும் அண்டாவும் அதில் இல்லை. தாராளமாக ஏற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குப் பரிசாக அனுப்ப நினைத்தால் மட்டும் முதலில் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

*கல்லூரி மாணவர் ஒருவர்: திரும்பி வரும் சிலைகளும் ஏதோ ஒரு பாதுகாப்பு அறையில்தானே பூட்டிக் கிடக்கின்றன?*

நல்ல கேள்வி தம்பி. பல சிலைகள் அப்படித்தான் இருக்கின்றன. ஊருக்குத் திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் திருடு போகும் என்ற பயம். கம்பிக் கதவும் கேமராவும் இரவுக் காவலும் இருக்கும் கோயிலுக்குச் சாமி திரும்ப வேண்டும். அதைக் கேட்க வேண்டியது ஊர்தான். ‘விற்காதே’ என்று சொல்லும் வாய், ‘காவல் போடு’ என்றும் சொல்ல வேண்டும். அதற்கான செலவில் ஒரு பங்கையும் ஏற்க வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு காலை, வெயில் ஏறுவதற்கு முன், பாகூர் மூலநாதர் கோயிலுக்குச் சேர்ந்து போகலாம். குப்புசாமி தொகுத்த நூலைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் இருக்கும் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிள்ளைகள் அவசியம் வர வேண்டும். வருகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டு வாருங்கள்.